சினை தடுக்கும் கத்தியும் நம் மனச்சாட்சியும்



மாமிசம் உண்ணாத குடும்பங்களே பெரும்பாலும் படிக்கும் இந்தப் பத்திரிகையில் இறைச்சி மாடுகளைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. கோமாதா என்று தொழுத வாயால் இதையெல்லாம் பேசுவானேன் என்றார் ஒருவர். நாம் வாயை மூடிக்கொண்டால் அந்த மாட்டுக்கு வலி குறைந்துவிடுமா என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாமவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆகவே எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். இறைச்சிக்காக வளர்க்கப்படும் பெண் மாடுகளும் கிடேரிகளும் சினை பிடிக்காமலிருப்பதற்காக, அவற்றின் சினைப்பைகளை அறுத்து நீக்குவது உலகின் சில பகுதிகளில் நெடுநாளாக நடந்து வருகிறது. வட ஆஸ்திரேலியாவின் பெரிய பண்ணைகளில் இது சாதாரணம். அமெரிக்காவிலும் உண்டு. ஒரு பசுவைத் தாயாகவிடாமல் செய்வது பாவமா? பாவமென்றால் எந்த இடத்தில் பாவம்? அறுக்கிறவனுக்கு மட்டுமா, விற்கிறவனுக்கும் உண்டா, தின்கிறவனுக்கா, பெட்டியைத் தூக்குகிறவனுக்குமா?

கடைசிக் கேள்விதான் முதலில் எங்களிடம் வந்தது. தோஹா தொழில்பேட்டையை நம்மவர் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. 'சனையா' என்றால்தான் டாக்சிக்காரருக்கும் புரியும். எண் போட்ட தெருக்கள், டயர் கடைகள், வெல்டிங் பட்டறைகள், கிடங்குகள், இவற்றுக்கு நடுவே தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் நம் அன்பர் ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கார்த்திகை, சஷ்டி எதையும் விடாதவர். கண்டெய்னரிலிருந்து அவர் இறக்கும் பெட்டிகளில் கோழி இருக்கும், ஆஸ்திரேலிய, பிரேசில் மாட்டிறைச்சி இருக்கும், இந்திய எருமை இறைச்சியும் இருக்கும்.

அவருடைய அறையில் தங்கியிருக்கும் நாமக்கல் பையன் முன்பு இரண்டு வருடம் கால்நடைக் கப்பலில் வேலை பார்த்தவன். மாடுகளுக்குத் தீவனம் போடுவதும் கழுவி விடுவதும் வேலை. ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, நீங்க இறக்குற பெட்டியில இருக்கிறது பாதி நம்ம ஊரு மாட்டு வம்சம்தான். அங்க கிடேரிக்குச் சினைப்பையை எடுத்துருவாங்க. கப்பல்ல கூட வந்த வெள்ளைக்காரர் சொன்னார்." அன்று முதல் இவருக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் சிலர் விடுமுறை நாளில் அங்கே போயிருந்தபோது, "ஐயா, தினம் தூக்குறேனே, அந்தப் பாவம் எனக்கும் ஒட்டுமா?" என்று கேட்டார். போகிற போக்கில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

நாமக்கல் பையன் சொன்ன வம்சக் கதை உண்மைதான். வட ஆஸ்திரேலியாவில் பெருவாரியாக வளர்வது 'பிராமன்' என்ற திமில் மாடு. இதன் மூதாதையர் ஓங்கோல், கிர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு ஆகிய இந்திய இனங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1926 வரை கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்காவுக்குப் போய், அங்கே கலந்து உருவான இனம் 1933இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் அங்கே நிலைத்துவிட்டது. பிரேசிலில் பெரும்பான்மையாக உள்ள 'நெலோர்' மாட்டின் பெயரே பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்தான். கடல் தாண்டிப் பிழைக்கப் போனது நாம் மட்டும் அல்ல போலும்.

ஏன் அறுக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டுவது சுலபம். கத்தார் நாடு மொத்தமும் சுமார் 11,600 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் இதைவிடப் பெரிய மாட்டுப் பண்ணையும் இருக்கிறது. வடக்கே பல பண்ணைகளில் வேலிகள் குறைவு. மாடுகளை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் ஓட்டிக் கூட்டுவார்கள். காளைகள் பசுக்களோடு எந்நேரமும் திரியும். மழை போய்ப் புல் காய்ந்து சத்தற்றுப் போகும் மாதங்களில், வயிற்றில் கன்றும் மடியில் கன்றுமாக இருக்கும் வயதான பசு எலும்பும் தோலுமாகி விழுந்து சாகும். இனி ஈன வேண்டாம், கொழுத்ததும் விற்றுவிடலாம் என்று ஒதுக்கிய பசு மறுபடி சினையானால் பண்ணைக்காரருக்கு நட்டம், பசுவுக்குச் சாவு. சினையோடு அறுப்புக்கூடத்துக்குப் போனாலோ வயிற்றிலிருக்கும் கன்றும் சேர்ந்து போகிறது. ஆகவே சினையைத் தடுப்பதில் மாட்டுக்கும் ஒரு நன்மை இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இளகிய மனமுள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிற்க வைத்து, விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தோலையும் சதையையும் கிழித்து, கையை உள்ளே விட்டுச் சினைப்பைகளை எடுப்பது பழைய முறை. இன்னொன்று, யோனி வழியாகவே கருவியைச் செலுத்துவது. இந்த வகையில் இப்போது அங்கே அதிகம் பேசப்படுவது வில்லிஸ் முறை. நீண்ட கம்பி போன்ற கருவியை யோனிச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் செலுத்துவார்கள். மற்றொரு கையை ஆசனவாய் வழியாக விட்டுச் சினைப்பையைத் தடவிப் பிடித்துக் கருவியின் துவாரத்தில் வைத்து வெட்டுவார்கள். வெட்டிய சினைப்பை வயிற்றுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். வெளியே தையல் இல்லை, காயமும் தெரியாது. கை பழகியவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளுக்குச் செய்துவிடுவார். செய்கிறவர் எப்போதும் மருத்துவராக இருப்பதில்லை. இதற்கென்றே பழகிய தொழிலாளிகளும் உண்டு.

வலிக்குமா? மாடு கத்தவில்லையே, அசை போட்டுக்கொண்டு நிற்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. மாடு இரையாகும் ஜாதி. வலியைக் காட்டினால் புலி அதைத்தான் முதலில் குறி வைக்கும். ஆகவே அடக்கிக்கொள்வது அதன் இயல்பு. கிராமத்தில் மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்: காதைத் தொங்கப் போட்டு, முதுகை வளைத்து, தீவனத்தில் வாய் வைக்காமல் நின்றாலே போதும், அது நமக்குப் போட்ட கூப்பாடுதான். குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பிராமன் கிடேரிகளையும் பசுக்களையும் வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், விலாவைக் கிழிக்கும் முறை மிகுந்த துன்பம் தருவதும், வில்லிஸ் முறையில் அது குறைவாக இருந்தாலும் வலி இல்லாமலில்லை என்பதும் தெரியவந்தது. 2016இல் அந்நாட்டு அரசுகள் ஏற்றுக்கொண்ட மாட்டுநலத் தரநிலைகளில், விலா வழியாகச் செய்யும்போது வலி நீக்கம் வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அதுவரை? அதுவரை செலவு, நேரம், ஆள் பற்றாக்குறை.

இந்த இடத்தில் நம் ஊர்க் காட்சி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை, மதுரைத் தெருக்களில் குப்பைத் தொட்டியை மேய்ந்த பசுக்களின் வயிற்றிலிருந்து கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் பைகளை எடுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதிலும் மாடு நின்றபடிதான் இருக்கும். அதிலும் இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள அதே பள்ளத்தைத்தான் கிழிக்கிறார்கள். ஆனால் மருத்துவர் முதலில் முதுகெலும்பை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போடுகிறார், அது வேலை செய்கிறதா என்று குத்திப் பார்க்கிறார், பிறகே கத்தியை எடுக்கிறார். ஊசி மருந்து பல் டாக்டர் நமக்குப் போடுகிற அதே லிக்னோகெய்ன். மாடும் ஒன்றுதான், கிழிக்கும் இடமும் ஒன்றுதான். ஒன்றில் மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு முன்னால் நிற்கிறது, மற்றதில் மாலைக்குள் முடிக்க வேண்டிய எண்ணிக்கை முன்னால் நிற்கிறது. ஊசிக்கு ஆகும் ஐந்து நிமிஷத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் வேறு விதமாக வாதாடினார். வலி இருக்கட்டும், வலியே இல்லாமல் செய்தாலும் தாய்மையைப் பறிப்பது அதர்மம் அல்லவா என்றார். நாங்கள் இதை நெடுநேரம் யோசித்தோம். பிறக்காத கன்றுக்கு நாம் தீங்கு செய்தோம் என்று சொல்ல முடியவில்லை. இல்லாத ஒன்றுக்கு என்ன குறை? அது பிறந்திருந்தால் காய்ந்த புல்வெளியில் தாய்க்குப் பக்கத்தில் செத்திருக்கும் என்ற நிலையில், பிறக்காததே அதற்கு நல்லது என்றுகூடச் சொல்லலாம். பசுவைப் பொறுத்தவரை, கன்று ஈன்ற தாய் அதைத் தேடி அலறுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஈனாத கிடேரி ஈனவில்லையே என்று ஏங்கியதை யாரும் பார்த்ததில்லை. 'மலடு' என்ற சொல்லை நம் சமூகம் பெண்கள் மேல் எறிந்து எறிந்து அதில் ஒரு விஷத்தை ஏற்றி வைத்திருக்கிறது. அந்த விஷத்தை மாட்டின் தலையிலும் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. பெரியவர் இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. காளையோடு சேர்வதும், கூட்டத்தில் தாயாக நிற்பதும் அந்த ஜீவனின் இயற்கை, அதை நம் வசதிக்காக அடியோடு மாற்றுவதில் ஒரு திமிர் இருக்கிறது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் திமிர் ஆஸ்திரேலியாக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல.

பாலுக்கு வருவோம். 2017 ஜூன் 5ஆம் தேதி அண்டை நாடுகள் கத்தாரின் வழிகளை அடைத்தபோது இங்கே இருந்த குடும்பங்களுக்கு முதலில் வந்த கவலை பால். அதுவரை பெரும்பகுதி சவூதியிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. ஜூலை 11ஆம் தேதி 165 ஹோல்ஸ்டீன் பசுக்கள் விமானத்தில் வந்து இறங்கின. மாடு விமானத்தில் வந்ததை உலகமே வேடிக்கை பார்த்தது. பிறகு வந்தவை ஆயிரக்கணக்கில். இன்று அல்கோர் பக்கத்துப் பலத்னா பண்ணையில் மின்விசிறிக்கும் நீர்த்தூறலுக்கும் கீழே நிற்கும் பசுக்களின் பாலில்தான் தோஹாவில் நம் காப்பி, நம் அபிஷேகம், நம் பாயசம். அந்தப் பால் எப்படிச் சுரக்கிறது? கன்று ஈன்றால்தான் சுரக்கும். ஏறத்தாழ வருடத்துக்கு ஒரு கன்று என்று ஊசி மூலம் சினையாக்கிக்கொண்டே இருந்தால்தான் பண்ணை நடக்கும். எந்த நாட்டுப் பால் பண்ணைக்கும் இதுதான் விதி. ஓரிடத்தில் மனிதன் பசுவின் கருப்பையைத் தனக்காக மூடி வைக்கிறான், இன்னோரிடத்தில் தனக்காக நிரப்பிக்கொண்டே இருக்கிறான். இரண்டு இடத்திலும் பசுவை யாரும் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பால் நீண்ட நாள் வற்றாமலிருக்கும் என்ற நம்பிக்கையில் கறவைப் பசுக்களுக்கே சினைப்பை அறுவை செய்திருக்கிறார்கள். பாலுக்கும் இந்தக் கத்திக்கும் உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது.

நம் ஊரில் மட்டும் என்ன? கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்திப் பால் கறந்ததைச் சென்னையில் வளர்ந்த மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். தாய் அந்தத் தோலை நக்கிக்கொண்டே பால் விடும். காளைக் கன்றுகளுக்குக் காயடிப்பது தலைமுறை தலைமுறையாக நடந்தது. கல்லையும் கட்டையையும் வைத்து நசுக்கிய காலம் போய், பர்டிசோ என்ற இத்தாலியர் பெயரால் வழங்கும் இடுக்கி வந்தது. தோலைக் கிழிக்காமல் உள்ளே நரம்பையும் இரத்தக் குழாயையும் நசுக்குவது அது. இரத்தம் வராததால் வலியில்லை என்று நாமும் நினைத்துக்கொண்டோம். 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே, விதித்த முறைப்படி செய்தால் காயடிப்பதும் கொம்பு நீக்குவதும் சூடு போடுவதும் மூக்கணாங்கயிறு போடுவதும் வதையாகாது என்று 11ஆம் பிரிவில் விலக்கு அளித்திருக்கிறது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்றுதான் இதிலிருந்து தப்பியது. பெண் மாட்டின் சினைப்பையை நாம் அறுக்கவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் கருணை மட்டுமா? கிடேரி ஈன்றால்தான் நமக்கு வரும்படி. கறவை நின்ற பசு பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறிய பிறகு எந்த ஊருக்குப் போகிறது என்று விற்றவர் விசாரிப்பதில்லை. விசாரித்தால் அடுத்த பசு வாங்கப் பணம் வராது. இதை ஏழை விவசாயியின் மேல் குற்றமாக நாங்கள் சொல்லவில்லை. நாலு லிட்டர் பாலில் வீட்டை ஓட்டுகிறவரிடம் வறட்டு மாட்டையும் வைத்துக் காப்பாற்று என்று உபதேசம் செய்வது ஏசி அறையில் இருக்கும் நமக்கு எளிது.

திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தேரில் ஏறிய இளவரசனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அந்தக் கதையில் எங்களுக்கு இப்போது முக்கியமாகத் தெரிவது தண்டனை அல்ல, மணியின் கயிறு. ஒரு மாட்டின் கழுத்துக்கு எட்டுகிற உயரத்தில் அதைத் தொங்க விட்டிருந்தார்கள். குறை சொல்ல வழியில்லாத ஜீவனுக்கும் ஒரு வழி வைத்திருந்த ராஜ்ஜியம் அது. இன்றைய வியாபாரத்தில் கயிறு பசுவுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அறுவை நடப்பது ஒரு கண்டத்தில், கொல்வது ஒரு ஊரில், பெட்டி இறங்குவது சனையாவில், தட்டில் விழுவது ஓட்டலில்.

சனையா அன்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு இப்போது வரலாம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் தீராத மனிதர் அவர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தும் இங்கே அவருக்குப் பெயர் 'பேச்சுலர்'. வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்டால் வேலையே போகலாம். அவர் தூக்காவிட்டால் பெட்டி அங்கேயே நிற்கப் போவதில்லை, அடுத்த ஆள் தூக்குவார். விலக வழியில்லாதவன் மேல் பாவத்தை ஏற்றுவது தர்மமாகாது என்று அவரிடம் சொன்னோம். எவனுக்கு எவ்வளவு தேர்ந்தெடுக்க முடிகிறதோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. வாய்ப்பு வந்தால் காய்கறிக் கிடங்குக்கு மாறிக்கொள்ளுங்கள், வரும்வரை மன உறுத்தலை வைத்துக்கொண்டே வேலையைப் பாருங்கள், அந்த உறுத்தல் கெட்டதல்ல என்றோம்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்கய்யா, எனக்குக் கம்மின்னா, யாருக்கு ஜாஸ்தி?" என்றார்.

எங்களோடு வந்திருந்தவர்களில் ஒருவர் பெரிய கேட்டரிங் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். பரம்பரைச் சைவம். வெங்காயம் பூண்டுகூட விரத நாளில் சேர்க்காதவர். மாதந்தோறும் டன் கணக்கில் மாட்டிறைச்சிக்கு ஆர்டர் போடும் தாளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அவர் அன்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. மறுவாரம் சப்ளையருக்கு ஒரு கடிதம் எழுதினார்: மாடுகளுக்குச் சினைப்பை அறுவை செய்யப்பட்டதா, செய்திருந்தால் வலிக்கு மருந்து கொடுத்தார்களா என்று இரண்டே கேள்வி. ஹலால் சான்றிதழும் சுகாதாரச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன என்று பதில் வந்தது. கேட்ட இரண்டுக்கும் அதில் பதில் இல்லை. விடாமல் மறுபடி எழுதியிருக்கிறார். அவருடைய அலுவலகத்தில் இருக்கும் கீழக்கரை நண்பர், மாட்டிறைச்சி உண்பவர், அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இது நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி. கத்தியைக் கூர்தீட்டு, ஒரு மிருகத்துக்கு முன்னால் இன்னொன்றை அறுக்காதே என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. கடைசி நிமிஷத்துக்கு அவ்வளவு அக்கறை என்றால், அதற்கு முந்திய வருஷங்களுக்கு வேண்டாமா?" என்றாராம். உண்பவரும் உண்ணாதவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி இது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடாவுக்குக் கப்பலில் உயிரோடு ஆடுகள் வந்தது பல பத்தாண்டு வியாபாரம். கோடை வெயிலில் கப்பலுக்குள்ளேயே வெந்து செத்த ஆடுகளின் படங்களைப் பார்த்த அந்நாட்டு ஜனங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். 2024இல் அங்கே சட்டம் நிறைவேறியது. 2028 மே 1ஆம் தேதியோடு கடல்வழி ஆடு ஏற்றுமதி நிற்கும். அந்த ஆட்டை ஒருபோதும் தின்னாதவர்களின் குரலும் அதில் சேர்ந்திருந்தது.

சினையைத் தடுக்கக் கத்தி ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. காளையைப் பிரித்து வைக்க வேலி போடலாம். சினைப்பருவத்தைத் தூண்டும் ஹார்மோனைத் தடுக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அமெரிக்கத் தீவனப் பண்ணைகளில் கிடேரிகள் பருவத்துக்கு வராமலிருக்கத் தீவனத்திலேயே மருந்து கலக்கும் வழக்கம் 1968 முதல் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, குறையும் உண்டு. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட மாடு கைக்கு அகப்பட வேண்டுமே என்று பண்ணைக்காரர் கேட்பார், அதுவும் மெய்தான். அறுத்தே தீர வேண்டுமென்றால் மரத்துப்போகும் மருந்தும், பிறகு இரண்டு மூன்று நாள் வலியடங்க மருந்தும் கொடுத்து, கை தேர்ந்தவரைக் கொண்டு செய்யட்டும். அப்படிச் செய்யப்பட்ட அறுவையை நாங்கள் பாவமென்று சொல்ல மாட்டோம். மருந்து இருந்தும், கொடுக்கத் தெரிந்தும், மாட்டுக்குத் தலைக்கு இத்தனை காசு மிச்சம் என்று கொடுக்காமல் விடுகிறதே, அதைப் பாவமென்று சொல்ல எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வலி மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்த காலத்தில், அந்த மாடுகள் செத்த பிறகு தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன. பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வோமே, அவைதான். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகப் பறவைக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் வந்தது. இன்று நீலகிரியில் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் மிஞ்சியிருக்கும் கழுகுகளைக் காப்பாற்ற அந்த வட்டாரத்து மாட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கருணையோடு கொடுத்த மருந்தும் விசாரிக்காமல் கொடுத்தால் இப்படித்தான். ஆகவே ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் கடையில் கிடைத்ததை வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் என்று எழுதும்போது இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நினைவுக்கு வருகிறீர்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்பா அம்மா இன்னும் இரண்டு மாடாவது கட்டியிருக்கிறார்கள்! நாம் அனுப்பும் பணத்தில் வாங்கிய மாடுகளும் அவற்றில் உண்டு. குவீன்ஸ்லாந்துப் பண்ணைக்கு நாம் எழுதும் கடிதம் போய்ச் சேருமோ சேராதோ, கோபிசெட்டிபாளையத்துக்குப் போடும் போன் போய்ச் சேரும். பிள்ளைகள் ஆங்கிலப் பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள் என்பதால், இந்தப் பகுதியைப் பெற்றோர்களே அவர்களுக்கு வாயால் சொல்லிவிடுங்கள்.

எங்களில் ஒருவர் அப்படிப் போன் செய்தார். வீட்டில் காங்கேயம் காளைக் கன்று ஒன்றுக்கு அந்த மாதம் காயடிக்க இருந்தார்கள். "அப்பா, டாக்டர்கிட்டச் சொல்லி மரத்துப்போற ஊசி போட்டுட்டுச் செய்யச் சொல்லுங்க, காசு நான் தர்றேன்" என்றார். "கன்னுக்குட்டிக்கா ஊசி? உங்க தாத்தா காலத்துல எல்லாம்..." என்று அப்பா ஆரம்பித்து, பிறகு மகன் சொல்கிறானே என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லையாம். மருந்து பையிலேயே இருக்கிறது, கேட்டால் போடுகிறோம் என்று சொல்லி, போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து இடுக்கியை வைத்திருக்கிறார். கன்று அன்று சாயங்காலமே தவிட்டுத் தண்ணீர் குடித்ததாகவும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் கன்றுக்கும் அதே போல் வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகவும் அப்பா அடுத்த வாரம் போனில் சொன்னார்.